கணனியை நம்பினர், மனிதரை நம்ப மறுத்தனர்

பிரித்தானியாவின் சிற்றூர்களில் உப தபாலகம் என்பது பெரும்பாலும் பலசரக்குக் கடையொன்றின் மூலையில் இயங்குவதாகும். ஓய்வூதியம் பெற வரும் முதியவரின் பெயரையும் நோயையும் அறிந்தவர் அதன் உப தபாலதிபர். ஊராரின் நம்பிக்கையே அவரது மூலதனம். அத்தகையோர் உட்பட 900 இற்கும் அதிகமானோர் 1999 இற்கும் 2015 இற்கும் இடையில் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2010 இல் கருவுற்றிருந்த பெண்ணொருவரும் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அவர்களுக்கு எதிரான பிரதான சாட்சி ஒரு கணனி முறைமையாகும். புஜிட்சு நிறுவனம் வழங்கிய 'ஹொரைசன்' என்னும் அந்த முறைமை 1999 இல் அறிமுகமானது. அதிலிருந்த வழுக்கள் இல்லாத பற்றாக்குறைகளைக் கணக்கில் காட்டின. ஒப்பந்தத்தைக் காட்டி அப்பணத்தைச் செலுத்துமாறு தபாலக நிறுவனம் வற்புறுத்தியது. சேமிப்பைக் கொடுத்தும், வீட்டை ஈடுவைத்தும் செலுத்தியோர் பலர். செலுத்த இயலாதோர் நீதிமன்றம் சென்றனர். இவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பாதிக்கப்பட்ட தரப்பும், புலனாய்வாளரும், வழக்குத் தொடுநரும் ஒரே நிறுவனம்தான். வாதியே விசாரணை அதிகாரியாகவும் இருக்கும் இடத்தில் நியாயத்தை எங்கே தேடுவது?

உதவி கோரித் தொலைபேசி எடுத்தவர்களிற் பலருக்குக் கிடைத்த பதில், இத்தகைய சிக்கல் வேறெவருக்கும் ஏற்படவில்லை என்பதே. எமது பார்வையில் இவ்விவகாரத்தின் மிகக் கொடிய பகுதி இதுவே. மென்பொருளில் வழு ஏற்படுவது இயல்பு. ஆனால் ஒவ்வொருவரையும் தனிமைப்படுத்தி, தன் நேர்மையைத் தானே சந்தேகிக்கச் செய்தமை மனிதர்கள் செய்த காரியம். அத்தனிமை உடைந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2003 இல் ஒப்பந்தம் பறிக்கப்பட்ட அலன் பேற்ஸ் என்பவரின் முயற்சியால், 2009 இல் பெனி கொம்ப்ரன் என்னும் கிராமத்தின் பொதுமண்டபத்தில் பாதிக்கப்பட்ட சிலர் கூடினர். எவருமே 'ஒரேயொருவர்' அல்லர் என்பது அங்கே நேருக்கு நேர் தெரியவந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த வலையமைப்பு சொல்லாததை ஒரு கிராம மண்டபம் சொல்லிற்று!

பணிப்பாளர் சபைக்கு எச்சரிக்கை கிட்டவில்லை என்று கூறுவதற்கில்லை. 2012 இல் அந்நிறுவனமே சுயாதீனக் கணக்கியல் புலனாய்வாளர்களை நியமித்தது. அவர்கள் சங்கடமான வினாக்களை எழுப்பியதும், 2015 இல் அவர்களது பணி முடிவுறுத்தப்பட்டது. உப தபாலகக் கணக்குகளைத் தொலைவிலிருந்து எவரும் மாற்ற முடியாதென நீண்டகாலம் மறுத்துவந்தமையும் பொய்யென நிரூபணமானது. 2019 டிசெம்பரில் நீதியரசர் பிரேசர், நிறுவனத்தின் வாதத்தைப் பூமி தட்டையானது எனச் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 555 பேர் தொடுத்த அவ்வழக்கில் ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் பவுண் இணக்கத் தொகையாகக் கிடைத்தது. அதில் பெரும்பகுதியைச் சட்டச் செலவே விழுங்கியது.

2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை இரத்துச் செய்தது. ஆயினும், 2024 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நாடகமே அரசியல்வாதிகளை உலுக்கியது எனலாம். தீர்ப்புகளால் அசையாதோரை நாடகம் அசைத்தமை ஜனநாயகத்துக்குப் பெருமையா, சிறுமையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். அவ்வாண்டு மே மாதம் எஞ்சிய தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் நிறைவேறியது. 13 பேராவது இதன் விளைவாகத் தம்முயிரை மாய்த்திருக்கலாம் என 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதற்பகுதி கூறுகிறது.

கணனிப் பதிவைச் சாட்சியமாக முன்வைப்பவர், கணனி சரியாக இயங்கியதென நிரூபிக்கவேண்டும் என்ற சட்டவிதி இங்கிலாந்தில் முன்னர் இருந்தது. அதை நீக்கும் சட்டம் நிறைவேறியதும் ஹொரைசன் அறிமுகமான அதே 1999 இல்தான். அன்றுமுதல், மறுத்துக் காட்டப்படும் வரை கணனி சரியானதென்றே கொள்ளப்பட்டது. மறுப்பதற்கு வேண்டிய பதிவேடுகளோ குற்றஞ்சாட்டியவரின் கைகளில் இருந்தன. அந்த அனுமானத்தை மீளாய்வு செய்வதற்காகப் பிரித்தானிய அரசாங்கம் கருத்துக் கோரியது 2025 ஜனவரியில்.