ஒரே தண்ணீர், நாலு தீவு!



அல்கட்ராஸ் தெரியுமா என்று கேட்டால் நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். சினிமா செய்த வேலை! அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள சிறைத் தீவு. அல் கபோன் அடைபட்டுக் கிடந்த இடம். 1962-ல் மூன்று கைதிகள் மழைக்கோட்டுகளை ஒட்டித் தெப்பம் செய்து கடலில் இறங்கிய இடம். ஆனால் அதே விரிகுடாவில் அக்கம்பக்கத்திலேயே வேறு தீவுகளும் இருக்கின்றனவே... அவற்றைப் பற்றி யாராவது பேசுகிறோமா? நாம் படிக்க வேண்டியது அவற்றைத்தான் என்பது என் கட்சி.

அல்கட்ராஸ் 1934 முதல் 1963 வரை மத்தியச் சிறை. அதை ஏன் மூடினார்கள்? குடிக்கிற தண்ணீர்கூடப் படகில்தான் வரணும். உப்புக்காற்று கட்டடத்தை அரித்துத் தின்றது. மற்ற மத்தியச் சிறைகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு செலவு. கணக்கு உதைத்தது, மூடிவிட்டார்கள்! பிறகு 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை அமெரிக்கப் பழங்குடியினர் அந்த மண்ணுக்கு உரிமை கேட்டு அங்கேயே குடியேறிப் போராடினார்கள். முன்னால் நின்றவர்கள் நம்மைப் போல மாணவர்கள்!

அடுத்தது ஏஞ்சல் தீவு. பார்த்தால் பச்சைப் பசேல் என்ற மலை. 1910 முதல் 1940 வரை, கப்பலில் வந்தவர்களை நிறுத்தி விசாரித்த குடியேற்ற நிலையம் அங்கேதான் இருந்தது. அடைபட்டவர்களில் சீனர்கள் அதிகம், இந்தியர்களும் உண்டு. 1882-ல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1906 பூகம்பத் தீயில் நகரத்தின் பதிவேடுகள் எரிந்துபோக, காகிதத்தில் மட்டும் மகனாக வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க அதிகாரிகள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். உன் வீட்டுக்கு எத்தனை படி? உன் வரிசையில் எத்தனை வீடு? அரிசி எங்கே வைத்திருப்பீர்கள்? உறவினர் சொன்ன பதிலோடு பொருந்தாவிட்டால், நிஜ மகனாகவே இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்!

இதைப் படித்தபோது எங்க அப்பா ஞாபகம் வந்தது. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அட்மிஷன் சான்றிதழுக்காக அப்பாவும் நானும் ஓர் ஆபீஸ் வராண்டாவில் மூணு நாள் நின்றோம். ரேஷன் கார்டில் அப்பா பேரில் ஓர் எழுத்து தப்பு. "இவர்தான் உங்கப்பான்னு என்ன அத்தாட்சி?" என்றார்கள். அப்பா ஒண்ணும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மூணு நாளோடு போச்சு. அந்தத் தீவில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள். 1970-ல் இடிக்க இருந்த கட்டடத்தில் ஒரு பூங்கா ஊழியர் அதைப் பார்த்துக் குரல் கொடுத்ததால் சுவர் பிழைத்தது.

மூன்றாவதும் நாலாவதும் நம்ம சிவில் பிரிவுக்கு! யெர்பா புவெனா இயற்கைப் பாறைத் தீவு; பே பாலம் அதைக் குடைந்துகொண்டு போகிறது. அதை ஒட்டி 1936-37-ல் கடலடி மணலை வாரிக் கொட்டி, சுமார் 400 ஏக்கரில் ட்ரெஷர் தீவை எழுப்பினார்கள். எதற்கு? 1939 பொருட்காட்சிக்கு! 1989 அக்டோபர் 17 பூகம்பத்தில், பாறைத் தீவில் பதிவான உச்ச முடுக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மணல் தீவில் பதிவானது. தரை பிளந்து மணலும் தண்ணீரும் கொப்பளித்தன. 'லிக்விஃபேக்‌ஷன்' என்று பாடத்தில் நெட்டுருப் போடுகிறோமே, அது இதுதான். 1997 வரை அங்கே கடற்படைத் தளம். அவர்கள் விட்டுப்போன மாசைச் சுத்தம் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் குடும்பங்கள் குடியேறியும் விட்டன.

ஒரே விரிகுடா, ஒரே தண்ணீர். ஒன்றைச் சிறையாக்கியதும், ஒன்றில் மனுஷனை அடைத்ததும், ஒன்றை மணலால் கட்டியதும் இயற்கையா? இல்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ போட்ட கையெழுத்து!

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாளை நம்மில் சிலர் அந்த மேஜைக்குப் பின்னால் உட்காரத்தான் போகிறோம். மண் பரிசோதனை ரிப்போர்ட்டோ, ஒரு ஏழையின் விண்ணப்பமோ நம் கைக்கு வரும். கையெழுத்துப் போடும் முன், நிரப்பிய மண்ணில் குடியேறப் போகிறவரையும், வராண்டாவில் நிற்கிறவரையும் ஒரு நிமிஷம் நினைப்போம்!