பாதை காய்ந்தால் உண்ணி வரும்

வீரப்பன் பிறந்த ஊர் என்றுதான் கோபிநத்தம் பலருக்குத் தெரியும். 2004-இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி பயமின்றிக் காட்டில் நடக்க வருகிறார்கள் நகரவாசிகள். இப்போது கவனிக்க வேண்டியது கடுகளவு உயிர்: உண்ணி.

நடைக்கு எது நல்ல மாதம்? மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் என்பார்கள். சிக்கலும் அங்கேதான். மழைக்குப் பின் பொரியும் உண்ணிகள், டிசம்பர் முதல் மே வரை இளம் பருவத்தில் சருகில் காத்திருக்கின்றன. குரங்குக் காய்ச்சலை மனிதருக்கு அதிகம் கொண்டுவருவது இந்தப் பருவமே. 1957-இல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட நோய் இது. 2012-இல், கோபிநத்தம் அடங்கிய சாம்ராஜ்நகர் மாவட்டத்திலேயே, பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்டவர்களைத் தாக்கியது. இதற்கெனத் தனி மருந்து கிடையாது.

சுற்றுலாப் பயணி மாதத்தை மாற்றலாம். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குக் காட்டு வழியே நடக்கும் பக்தருக்கு அது முடியாது; பஞ்சாங்கம் குறிப்பது பிப்ரவரி அல்லது மார்ச்தான். அவர் மாற்றக்கூடியது பழக்கத்தை. சருகில் உட்காரக் கூடாது. கால்களை மூடி நடக்க வேண்டும். இரவு தங்குமிடத்தில் உடம்பு முழுவதும் தேட வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலோரம் பிடித்து நேராக இழுக்க வேண்டும். செத்த குரங்கு கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது நடந்து வந்த காட்டின் பெயரை.