சைரன்கள் மீது சுமத்திய பழி

“அழகைக் காட்டி ஆடவரைக் கெடுத்த கடல் மோகினிகள்.” கிரேக்கப் புராணத்துச் சைரன்கள் யாரெனக் கேட்டால், கற்றவரும் இவ்வாறே விடை பகர்வர். மூல நூலைப் புரட்டிப் பாராதார் வழிவழியாகச் சுமத்தி வந்த பழி இது.

ஹோமரின் ஒடிஸி காவியத்தில், 12ஆம் காண்டத்தில் சைரன்கள் வருகின்றனர். அவர்களுடைய முகத்தைப் பற்றியோ மேனியைப் பற்றியோ கவிஞர் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. புல்வெளியில் அமர்ந்து பாடுகின்றனர்; அருகே மாண்டோரின் எலும்புக் குவியல். ஒடிசியஸுக்கு அவர்கள் தருவதாகச் சொல்வது சிற்றின்பமா? இல்லை. முதலில் அவனைப் புகழ்கின்றனர். பின்னர், டிராய்ப் போரில் நடந்தவற்றையும் உலகில் நிகழ்பவை யாவற்றையும் தாம் அறிவோம் என்கின்றனர். புகழ்ச்சியும் அறிவு வேட்கையுமே அங்கே தூண்டில்! ரோம அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய நூலும் இதையே எடுத்துக்காட்டுகிறது.

பண்டைய கிரேக்க ஓவியர் இவர்களுக்குப் பறவையின் உடலையும் மனிதத் தலையையும் வரைந்தனர். தாடி வைத்த ஆண் சைரன்களும் தொடக்கக் காலக் கலையில் உண்டு. மீன்வால் பரவலானது இடைக்கால ஐரோப்பாவிலேதான். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிடோர், ‘உண்மையில் அவர்கள் வேசியரே’ என எழுதிவைத்தார். 1909இல் ஆங்கில ஓவியர் டிரேப்பர், ஆடையற்ற நங்கையராய் அவர்களைக் கப்பலின் மீதே ஏறவிட்டார். ஹோமரின் சைரன்களோ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை!

இம்மாற்றத்தால் ஆதாயம் யாருக்கு? இடறியவனுக்கே. தன் செவியின் சபலத்தைப் பிறிதொருத்தியின் மேனி மீது ஏற்றிவிட்டால், அவன் குற்றமற்றவனாகிவிடுகிறான் அல்லவா?

“பழங்கதைதானே, போகட்டும்” என்பாருமுண்டு. கதைதான் குழந்தையின் முதல் பாடம். ‘அவள் மயக்கினாள்’ என்று கேட்டு வளரும் மகன், நாளை தன் தவறுக்கும் ஒருத்தியைத் தேடுவான். அதைக் கேட்டு வளரும் மகளோ, தான் செய்யாத குற்றத்திற்கும் தலைகுனிவாள்.

மூலக் கதை தரும் படிப்பினை வேறு. ஆபத்தை முன்னரே எடுத்துரைத்து வழி சொன்னவளும் கிர்க்கே என்னும் பெண்ணே. அவள் சொற்படி ஒடிசியஸ் தோழரின் காதுகளை மெழுகால் அடைத்தான். தன்னைப் பாய்மரத்தோடு பிணிக்கச் செய்தான். அவன் சைரன்களைக் கட்டச் சொல்லவில்லை. தன்னையே கட்டச் சொன்னான். தளை எவருக்குத் தேவை என்பதை அவன் அறிந்திருந்தான். அவன் கதையைச் சொல்வோர் அறிய வேண்டாமா?