பழம் புடவைகளில் ஒரு பெரிய போர்வை

எங்கள் தாயார் காலமாகி ஓர் ஆண்டு நிறைந்த பிறகு, பரண் மீதிருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அந்துருண்டை வாசனையுடன் 11 புடவைகள் வெளியே வந்தன. மதுரைச் சுங்கடி இரண்டு, செட்டிநாட்டுக் கட்டம் போட்டவை மூன்று, சந்தன நிறக் கைத்தறி ஒன்று, அரக்கு ஒன்று, நைலெக்ஸ் இரண்டு, கூறைப் பட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பேறிய வேட்டித் துண்டில் சுற்றி வைத்த ஒரு கதர்ப் புடவை. அது அம்மாவுடையதன்று, அம்மாவின் அம்மாவுடையது. தாமே ராட்டையில் நூற்ற நூலைக் கொடுத்து நெய்வித்துப் பாட்டி உடுத்திய புடவை.

நானும் என் தங்கையும் அந்தப் 11 புடவைகளையும் சுற்றி உட்கார்ந்து கொண்டோம். பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்தரை! கணக்கு வாத்தியாரம்மாள் என்று ஊரில் பெயர் வாங்கிய எனக்கும் அந்த அரையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய போர்வையாகத் தைத்துவிட்டால் என்ன?" என்றேன்.

தங்கையின் முகம் மாறிவிட்டது. "அக்கா! அம்மா உடுத்தியதைக் கத்தரிக்கோலால் வெட்டுவதா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கூறைப் பட்டைப் பிரித்துக் காட்டினேன். மடித்த மடிப்பிலேயே பல வருஷம் கிடந்ததால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கிழித்தாற்போல் இற்றுப் போயிருந்தது. பெட்டியில் வைத்துப் பூஜித்தாலும் துணிக்கு ஆயுள் குறைந்துகொண்டுதான் போகிறது. இதைக் கண்டபின் தங்கை மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சம்மதித்தாள் என்றும் சொல்வதற்கில்லை.

நிற்க. இந்தப் பகுதியை வாரந்தோறும் வாசிக்கும் சகோதரிகள் பலருடைய வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கும். முதன்முதலாகப் பெரிய போர்வை தைக்கப் புகும்போது, துணியையும் நிறத்தையும் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நேர்கிறது, தையலில் அன்று. நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, துணியின் ஜாதியைப் பிரிக்க வேண்டும். பருத்தியோடு பருத்தியே சேரலாம். பட்டுக்கு ஒரு சலவை, பருத்திக்கு வேறு சலவை. ஜரிகையோ உறங்குபவர் கன்னத்தைக் கீறும். நைலெக்ஸ் போன்ற செயற்கைத் துணிகள் ஊசிக்கு அடியில் வழுக்கும்; மடித்தால் மடிப்பு நிற்காது. இன்னதென்று தெரியாத துணியாக இருந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். செயற்கை இழை சுருண்டு உருகிக் கடினமான மணியாகத் திரளும். இவ்வாறு பரீட்சித்து, கூறையையும் நைலெக்ஸ் இரண்டையும் ஒதுக்கினோம்.

இரண்டாவது, துணியின் பலம். பழம் புடவை எங்கும் ஒரே சீராக நைந்திருப்பதில்லை. கொசுவம் வைக்கும் இடமும் உட்கார்ந்து எழும் இடமும் முதலில் நைந்துவிடும். உள்ளே செருகும் பாகமும் முந்தானையை அடுத்த பாகமும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெலிந்த இடம் சல்லடைபோல் தெரியும். இரண்டு கட்டை விரல்களாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். முறுமுறுவென்று ஓசை கேட்டால் அந்தத் துணி மேற்புறத்துக்கு உதவாது.

மூன்றாவது, அளவு. இருவர் படுக்கும் கட்டிலுக்கு இருபுறமும் தொங்கும்படி 90 அங்குல அகலமும் 96 அங்குல நீளமும் வேண்டும். தைத்த பின் 6 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் என்றால் அகலத்துக்கு 15, நீளத்துக்கு 16, ஆக 240. தையலுக்காக நாற்புறமும் கால் அங்குலம் விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஐந்தரை கஜப் புடவையில் பாதியைக் கழித்துவிட்டு, கரையையும் நீக்கிவிட்டாலும் 90 சதுரம் தேறும். ஆகவே மூன்று புடவைகளே போதும்! கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கிக் குவிக்க அவசியமே இல்லை. நீக்கிய கரையையும் எறிந்துவிடாதீர்கள். போர்வையின் சுற்றளவு 372 அங்குலம். ஒரு புடவையின் இரு கரைகளும் சேர்ந்து 396 அங்குலம். ஓரம் கட்ட அதுவே போதும். மூலை திருப்பவும் ஒட்டுப் போடவும் 24 அங்குலம் மிஞ்சும். கெட்டியாக நெய்த கரையைக் காட்டிலும் ஓரத்துக்கு உகந்தது வேறில்லை. அடிப்புறத்துக்கு எட்டு முழ வேட்டிகள் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் அளவு சரியாக இருக்கும். எங்கள் தகப்பனாரின் வேட்டிகள் அதற்கு உதவின.

இனி நிறம். இங்கேதான் மனம் அலைபாய்கிறது. அரக்கு, சந்தனம், மயில் கழுத்து, மாந்துளிர், வெங்காயத் தோல், வாடாமல்லி, கிளிப்பச்சை என்று நம் தமிழில் நிறத்துக்குள்ள பெயர்களைச் சொன்னாலே வாய் இனிக்கும். எல்லாவற்றையும் ஒரே போர்வையில் அடைக்கவேண்டுமென்று ஆசை தோன்றும். ஆனால் போர்வை அழகாக அமைவது நிறத்தைக் காட்டிலும் அதன் வெளிச்சத்தையும் இருட்டையும் பொறுத்தது. வாசலில் போடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். சாணம் தெளித்த கரிய தரையில் வெள்ளை மாவு இருப்பதால்தானே கோலம் தெரிகிறது? வெள்ளைப் பளிங்குத் தரையில் அதே கோலத்தை அதே கை இட்டாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணிகளும் அப்படியே. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு கருமையாக இருந்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது ஒன்றாகக் கலந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. துண்டுகளைத் தரையில் பரப்பி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அல்லது கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது வெளிச்சம், எது நடுத்தரம், எது இருட்டு என்பது அப்போது விளங்கிவிடும். மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டு, வெளிச்சமான சதுரம் ஒன்று, கருமையானது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால், முதல் போர்வைக்கு அதைவிடப் பிழையற்ற அமைப்பு வேறில்லை. 120 வெளிச்சம், 120 இருட்டும் நடுத்தரமும். பளிச்சென்ற நிறம், உதாரணமாக மாம்பழ மஞ்சள், தாளிதத்தில் கடுகைப் போல் இருக்க வேண்டும். நான்கைந்து இடத்தில் வெடித்தால் போதும். குழம்பெல்லாம் கடுகாகிவிடக் கூடாது. கட்டமும் புள்ளியும் நிறைந்த துணிகளே பலவாகிவிட்டால், கண் இளைப்பாறுவதற்கு வெறும் காடாத் துணியை இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நான் செய்த பிழை. பெரிய போர்வைக்கு முன்பு பழகிக்கொள்ள வேண்டுமென்று, அரக்கையும் சந்தனத்தையும் கொண்டு ஒரு சிறு விரிப்புத் தைத்தேன். வெகு லட்சணமாக அமைந்தது. தங்கையும் பார்த்து முதன்முறையாகப் புன்னகை செய்தாள். மறுநாள் அதைத் தண்ணீரில் நனைத்தேன். அரக்கு ஓடிவிட்டது, அம்மாவின் சந்தனமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. நல்ல பாகம் பாதிக்குமேல் அந்த விரிப்பிலேயே போய்விட்டது. அது திரும்பக் கிடைக்குமா? நான் பட்ட வருத்தத்தைக் காட்டிலும், தங்கை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த விரிப்பைப் பிழிந்து கொடியில் உலர்த்தினாளே, அதுதான் என்னைச் சுட்டது.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் பெரியோர்கள். கசக்கித் தைக்கவும் வேண்டுமென்பதை நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு துணியையும் தனித்தனியே வெந்நீரில், ஒரு வெள்ளைக் கந்தலுடன் அரைமணி நேரம் ஊறவையுங்கள். கந்தலில் கறை ஏறினால் மறுபடியும் அலசுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். இழையோடு ஒட்டாத சாயத்தை உப்பு கட்டிப்போடாது. 1956இல் கடைக்கு வந்த ஒருவகைச் சாயம், பருத்தி இழையோடு ரசாயன முறையில் பிணைந்துகொள்ளும். அத்தகைய சாயம் தோய்த்து நன்றாக அலசிய துணி பெரும்பாலும் கறை விடாது. எந்தப் புடவையில் எந்தச் சாயம் என்பதை வெந்நீர்தான் நமக்குச் சொல்லும். புதுத் துணி சேர்ப்பதானால் இன்னொரு காரணமும் உண்டு. அது முதற் சலவையில் சுருங்கும்; பழம் புடவை சுருங்க வேண்டிய மட்டும் முன்பே சுருங்கியிருக்கும்.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டின் பெருமை ஒன்றை மறக்கலாகாது. சோழமண்டலக் கரையிலே சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் கொண்டு, படிகாரமிட்டுத் தீட்டிய பருத்தித் துணிகள், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சீமான்களின் கட்டில்களை அலங்கரித்தன. துவைக்கத் துவைக்க மங்காத அந்த நிறத்தைக் கண்டு அந்நாட்டு நெசவாளர்கள் கலங்கினார்கள். பிரான்ஸ் 1686இல் அத்துணிகளைத் தடை செய்து, 1759 வரையில் தடையை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடுத்துச் சட்டம் செய்தது. 1774இல்தான் அது நீங்கியது. அருமையான அத்துணிகளில் கிழிந்தவற்றையும் அந்நாட்டுப் பெண்கள் எறிய மனமின்றி, பூக்களை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள். நம் கரையில் மலர்ந்த பூ, அவர்கள் கட்டிலில் வாடாமல் இருந்தது!

பழந்துணியைப் போர்வையாக்குவது வறுமையின் அடையாளமென்று நாணுபவர்களும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் காந்தா இன்று உலகப் பிரசித்தம். நம் 'கந்தை' என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு உண்டு. வட கன்னட ஜில்லாவின் சித்திப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்லுகிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் என்னும் கிராமத்தில், அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த உடைகளைக் கொண்டு தைத்த போர்வைகளை, 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் சித்திரங்களுக்குச் சமமாகக் காட்சிசாலைச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அவை தபால் தலையிலும் ஏறின.

எங்கள் போர்வைக்கு வருவோம். அரக்கை விலக்கினோம். கட்டம் போட்ட மூன்றும் இருட்டுக்கும் நடுத்தரத்துக்கும் ஆயின. வெளிர் நிறச் சுங்கடியும், சந்தனத்தில் எஞ்சியதும், சிறிது காடாவும் வெளிச்சத்துக்கு ஆயின. மற்றொரு சுங்கடியின் மாம்பழ மஞ்சள்தான் கடுகு. 240 சதுரங்களையும் கூடத்தில் பரப்பி, மாடிப்படி உச்சியில் நின்று பார்த்தோம். இரண்டு நாள் அப்படியே விட்டு, பகலில் ஒரு முறையும் விளக்கொளியில் ஒரு முறையும் பார்த்து, இடம் மாற்றினோம்.

கதர்ப் புடவை மட்டும் மிஞ்சியது. விரலால் இழுத்தால் முறுமுறுக்கிறது, மேற்புறத்துக்கு ஆகாது. பெட்டியிலே திரும்ப வைக்கவோ மனம் வரவில்லை. தங்கைதான் வழி சொன்னாள்.

"அக்கா, அதை வெட்டாதே. மேல் துணிக்கும் வேட்டிக்கும் நடுவே முழுசாக மடித்துப் பரப்பிவிடு. தையல் அதைத் தாங்கிக்கொள்ளும்" என்றாள்.

அவள் சொன்னது முற்றும் சரி. நைந்த துணி, மேலே இருந்தால் கிழியும்; இரு துணிகளுக்கு நடுவே, நெருங்கிய தையலால் பிணைக்கப்பட்டால், பல வருஷம் கிடக்கும். காந்தாவின் ரகசியமும் அதுதான். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சுத் திணிப்பைவிட இத்தகைய மெல்லிய உள்துணியே ஏற்றது. அது எட்டாத இடத்தில் காடாவை வைத்துச் சமன் செய்தோம்.

இப்போது இரண்டு பேருமாக மாலை நேரங்களில் தைத்துக் கொண்டிருக்கிறோம். நான் என் பக்கத்திலிருந்து, அவள் அவள் பக்கத்திலிருந்து. முடிந்தபின் ஆறு மாதம் என் வீட்டில், ஆறு மாதம் அவள் வீட்டில் என்று ஏற்பாடு. பாட்டி நூற்ற நூல் வெளியே தெரியாது. அதனடியில் உறங்கப் போகும் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கவேண்டியது எங்கள் கடமை.