கடலைக் காட்டிக் காவிரியைப் பறிப்பதா?

"பக்கத்திலே கடல், உப்பை நீக்கிக்கொள்ளுங்கள். காவிரிக்கு ஏன் கையேந்துகிறீர்கள்?" வறட்சி தலைகாட்டும்போதெல்லாம் இப்படி வாதிட வருகின்றனர் சிலர். கேட்பதற்கு அறிவுரை; கணக்கிட்டுப் பார்த்தாலோ கானல்நீர்!

கடல்நீர் ஆலைகளை நாம் பழிக்கவில்லை. மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் 2024இலும் திறக்கப்பட்ட மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 35 கோடி லிட்டர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டவை. சென்னையின் தாகம் தீர்க்க அவை வேண்டும்.

ஆனால், வயலின் தாகம் வேறு. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு மீட்டர் உயர நீர் எனக் கொண்டால் 40 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டரின் உப்பை நீக்க மூன்று யூனிட் மின்சாரமே போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஏக்கருக்கு 12,000 யூனிட்! தஞ்சை உழவர் நெல்லை விற்று இதைக் கட்டமுடியுமா? நிலத்தையல்லவா விற்கவேண்டும்!

2007இல் நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்றது 192 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. ஆண்டுதோறும் இழப்பு 14.75 டி.எம்.சி. மூன்று ஆலைகளும் ஓய்வின்றி ஓடினாலும், இந்த ஓராண்டு இழப்பை ஈடுகட்ட மூன்றாண்டுக்கு மேலாகும்!

அந்த இழப்பில் 10 டி.எம்.சி., தமிழகத்தின் நிலத்தடி நீரைக் காரணம் காட்டிக் குறைக்கப்பட்டது. அந்த நிலத்தடி நீரின் நிலை என்ன? ஆறு வற்ற வற்ற, ஆழ்குழாய்கள் இறங்க இறங்க, நாகை, வேதாரண்யம் கரையோரம் கடலின் உப்பு மண்ணுக்கடியில் நுழைகிறது. நன்னீர் ஓடினால்தான் கடல் எல்லையில் நிற்கும். காவிரி பாசனம் மட்டுமன்று. கடலுக்கு இட்ட வேலி! வேலியைப் பிரித்துவிட்டு, கடலைக் குடியுங்கள் என்பது நீதியா?

உணவுப் பாதுகாப்புக்கும் பிழைப்புக்கான வேளாண்மைக்கும் உரியதை ஒதுக்கிய பின்னரே நீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதலாம் என்கிறது 2012ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை. ஏட்டில் இருப்பது வாய்க்காலுக்கு வரவேண்டும்.

நாம் கேட்பவை இரண்டே. பற்றாக்குறை ஆண்டிலும் விகிதப்படி உரிய நீரைக் காவிரி மேலாண்மை ஆணையம் உரிய மாதத்தில் பெற்றுத் தரட்டும். 2004 முதல் சென்னைக்குச் செல்லும் வீராணத்து நீர், கடல்நீர் ஆலைகள் பெருகும் அளவுக்கு உழவருக்குத் திரும்பட்டும்.

ஊர்தோறும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள், தோழர்களே! நகரின் தாகத்துக்குக் கடல் கைகொடுக்கட்டும். காவிரி உரிமையைக் கைகழுவ அது சாக்காகிவிடக் கூடாது!