வென்றவன் பேனாவும் தோற்றவன் பெயரும்

போரில் வென்றவன் சரித்திரம் எழுதினால், தோற்றவன் கலகக்காரன்! நெல்லைச் சீமையின் பாளையக்காரர் போர்களுக்கும் இதுதான் கதி.

இது இங்கே மட்டும் பிறந்த வழக்கமல்ல. ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தில் பிளாரன்ஸ் நகரின் சரித்திரத்தை எழுதியவர் லியனார்டோ புரூனி. நகர அரசு அவருக்கு வரி விலக்கு அளித்தது. அவர் ஏட்டில் பிளாரன்ஸ் சுதந்திரத்தின் வீடு. அதை எதிர்த்த மிலான் கொடுங்கோலின் கூடாரம். தின்ற உப்பைப் பேனா மறக்குமா?

நம் ஊருக்கு வருவோம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டவன் மேஜர் பானர்மன். கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதை எழுதி வைத்தவனும் அவனே! 1801 நவம்பரில் தூக்கிலிடப்பட்ட ஊமைத்துரையை, எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நூலில் வியந்து போற்றுகிறான். உயிரோடிருந்தால் கலகக்காரன், செத்தால் வீரன்! ஏன் இந்தத் தாராளம்? எதிரி பெரியவனானால், அவனை வென்றவன் இன்னும் பெரியவனாவான் அல்லவா?

ஆனால் எதற்காகப் போர் மூண்டது? 1792இல் ஆர்க்காட்டு நவாபும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக் கொண்டார்கள். பாளையங்களில் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போயிற்று. நிலத்தை உழுதவனை யார் கேட்டார்கள்?

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பொருநைக் கரையிலுள்ள பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச் 31இல் தாக்கிய கம்பெனிப் படை அடிபட்டுத் திரும்பியது. மே 24 வரை அந்த மண்சுவர் தாக்குப் பிடித்தது. மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மண் சுமந்த கூலிக்காரனுக்கு?

நம்மவர் சொல்லும் கதையிலும் அவன் இல்லை. கட்டபொம்மன் வீரன், எட்டப்பன் துரோகி என்பதோடு கதை முடிகிறது. அந்நியனை எதிர்த்த பாளையக்காரரின் வீரத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர்களும் உழுதவனிடம் வரி வாங்கியவர்கள்தாம் என்பதை மறைக்க மாட்டோம்.

அதே பேனா 1908இலும் எழுதியது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மடிந்தனர். சர்க்கார் ஏடு இதற்கு வைத்த பெயர் ‘திருநெல்வேலிக் கலவரம்’! சுட்டவன் அமைதி காத்தவனாம். குண்டு பட்டவன் கலகக்காரனாம்!

மில் தோழர்களே, வயல் தோழர்களே! எந்தப் போர்க்கதையைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எழுதியவன் யார்? அவனுக்குக் கூலி கொடுத்தவன் யார்? யாருடைய பெயர் அதில் இல்லை? மூன்றாவது கேள்விக்கு விடை நாம்தான். அந்த இடத்தை நாமே எழுதி நிரப்புவோம்!