வானில் நகரும் வெளிச்சம் விமானமா, சாட்டிலைட்டா? திருத்தணி மலையில் இருந்தே கண்டுபிடிக்கலாம்!

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளையும் ஏறி, பொழுது சாய்ந்தபின் வானத்தைப் பார்த்தால், நட்சத்திரம் போல ஒரு புள்ளி சத்தமில்லாமல் நகர்வதைக் காண வாய்ப்புண்டு. அதை வீடியோ எடுத்து 'பறக்கும் தட்டு' என வாட்ஸ்அப்பில் பரப்பும் முன், அது என்னவென்று நாமே கண்டுபிடிக்க முடியுமா? முடியும்.

கண்ணால் எப்படி?

விமானத்தில் விளக்குகள் விட்டுவிட்டு மின்னும். சாட்டிலைட்டில் அப்படி விளக்கு கிடையாது. சூரிய ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. தரையில் இருட்டிவிட்டாலும் 400 கி.மீ. உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மாலையிலும் அதிகாலையிலும் சாட்டிலைட்கள் நன்றாகத் தெரிகின்றன. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மறைந்துவிடும்.

நேரம், திசை, எந்த நட்சத்திரத்துக்கு அருகே கடந்தது என்ற மூன்றையும் குறித்துவைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தகவலோடு ஒப்பிட்டால் போதும், பெரும்பாலும் பெயர் தெரிந்துவிடும். வரிசையாக ரயில் பெட்டி போல வெளிச்சங்கள் சென்றால், அவை பெரும்பாலும் புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் சாட்டிலைட்கள்.

ரேடியோவில் எப்படி?

திருத்தணி ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் ஹாரன், நெருங்கும்போது கீச்சென்றும் விலகும்போது தணிந்தும் கேட்கும். சாட்டிலைட் சிக்னலும் அதேபோலத்தான். சர்வதேச விண்வெளி நிலையம் அமெச்சூர் ரேடியோவுக்குப் பயன்படுத்தும் 145.800 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், வரும்போது சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் கூடியும் போகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சுற்றுப்பாதைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதுதான் சாட்டிலைட்டின் கைரேகை.

இதனால் என்ன பயன்?

2000-ல் ஏவிய 'இமேஜ்' சாட்டிலைட்டுடன் 2005 டிசம்பரில் தொடர்பை இழந்த நாசா, பின்னர் அதைக் கைவிட்டது. கனடாவைச் சேர்ந்த அமெச்சூர் ஸ்காட் டில்லி, 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ரகசிய சாட்டிலைட் ஒன்றைத் தேடியபோது, இமேஜின் சிக்னலைப் பிடித்தார். அது இமேஜ்தான் என்பதை அதே மாதம் நாசாவும் உறுதி செய்தது. கோடிகளைக் கொட்டி அனுப்பிய சாட்டிலைட் உயிரோடு இருப்பதை, வீட்டில் இருந்த ஒருவர்தான் முதலில் சொன்னார்.

இந்தியாவில்?

திருத்தணியில் இருந்து நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ. தூரத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான், அமெச்சூர் ரேடியோவுக்கான 'ஹாம்சாட்' 2005 மே 5-ல் ஏவப்பட்டது. எடை வெறும் 42.5 கிலோ. 2 ஆண்டுகள் உழைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட அது, 2014 வரை உழைத்தது.

ஒன்றை மறக்கக் கூடாது: ரேடியோவில் பதிலுக்குப் பேச மத்திய அரசின் அமெச்சூர் லைசென்ஸ் கட்டாயம். வானத்தைப் பார்க்க எதுவும் தேவையில்லை.